மலருக்குக் கேட்ட துஷ்டி

போன வாரம் கோவில்பட்டியில் என்னை யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்பீர்கள். அந்தப் பக்கத்து ஆட்களோடு பழகியவர்களைக் கேளுங்கள். வாசலில் தலை தெரிந்ததுமே ஒரு ‘வாங்க’ வந்துவிடும். அது வராத இடம் ஒன்றே ஒன்றுதான் – சாவு வீடு. துஷ்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தவரை யாரும் வரவேற்க மாட்டார்கள். கிளம்பும்போது நாமும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது.

ஆனால் நான் போனது சாவு வீட்டுக்கு அல்ல... சண்முகவேல் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசுக்கு. (அங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அண்ணாச்சியின் பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்பது என் தைரியம்!)

இன்னொரு வார இதழில் நான் எழுதுகிற ‘கீழ்வானம்’ என்ற விண்கப்பல் தொடருக்கு அண்ணாச்சி பரம ரசிகர். ஏழு பேர் ஒரு கப்பலில் ஏறி, சூரியனை எல்லாம் தாண்டிப் போகிற சாகசக் கதை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால், மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் பெண்களுக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போன நான், சரி, என் வாசகர்களைப் பார்க்கலாமே என்று எட்டிப் பார்த்தேன்.

உள்ளே போனதும் அத்தனை கைகளும் நின்றன. ஒரு ‘வாங்க’ கூட வரவில்லை. இரண்டு பேர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். அண்ணாச்சிக்கு ஏதாவது...?

“யாருக்கு என்னம்மா ஆச்சு?”

முன்னால் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் என்னை முறைத்தாள். “கொன்னு போட்டுட்டு, யாருக்கு என்னன்னு கேக்குதீங்களே சார்! அந்தப் பிள்ள ஒங்களுக்கு என்ன செஞ்சுது?”

கொன்றேனா? நானா?

“எந்தப் பிள்ளை?”

“மலரு!”

மலர் – என் கதையில் கப்பலுக்கு வழி பார்த்துச் சொல்கிறவள். கடைசியாக வந்த அத்தியாயத்தில் கப்பலின் வெளிச்சுவரில் ஓட்டை விழுகிறது. அதை அடைக்க அவள் மட்டும் வெளியே இறங்குகிறாள். இடுப்பில் ஒரு கயிறு. பின்னால் கதவு மூடுகிறது. தொடரும்! சத்தியமாக அவ்வளவுதான் அச்சில் வந்தது.

“கயிறு அந்துபோயி, இருட்டுக்குள்ள உருண்டு உருண்டு போய்ட்டான்னு மொதலாளி வாசிச்சாவளே” என்றாள் பேச்சியம்மாள். “அன்னைக்கு எங்க யாருக்கும் சோறு எறங்கல.”

அச்சில் இல்லாத கயிற்றை அறுத்தது யார்? ஊரான் கதைக்குள் புகுந்து கொலை செய்கிற அளவுக்கு ஒரு மனிதருக்கு என்ன துணிச்சல்!

அண்ணாச்சி தன் அறையில் இருந்தார். பக்கத்தில் அவர் மகள் கற்பகம். அண்ணாச்சியும் ‘வாங்க’ சொல்லவில்லை.

“அண்ணாச்சி, நான் மலரைக் கொல்லவே இல்லையே...”

“மெதுவாப் பேசுங்க சார்” என்று பதறினார்.

“நானும் பத்திரிகைய வாசிச்சேன் சார்” என்றாள் கற்பகம். “மலரு செத்தது அப்பாவாக் கட்டிச் சொன்னது.”

அண்ணாச்சி மகளைத் திடுக்கிட்டுப் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது!

விஷயம் இதுதான். கற்பகத்துக்கு மெட்ராஸில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். அண்ணாச்சிக்கு மனசே இல்லை. ஆனால் ஆபீஸ் பெண்கள் அத்தனை பேரும் பாப்பா பக்கம். ‘மலரு போகலியா மொதலாளி? நம்ம பாப்பாவும் போகட்டும்’ என்று நச்சரித்திருக்கிறார்கள். மகள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வராத மனிதர், மலரைத் தீர்த்துக் கட்டிவிட்டார். மறுநாளே அதே பெண்கள், ‘போகாத தாயி’ என்று கற்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

அடப்பாவி மனுஷா!

யோசித்துப் பார்த்தால், பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பப் பயப்படுகிற அப்பாக்கள் எல்லாருமே தொடர்கதை ஆசிரியர்கள்தான். விபத்து, காய்ச்சல், பொல்லாத ஊர்... என்னென்ன கற்பனை! என்ன, முடிவை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்.

“நீயாவது வெளியே இருக்கிறவங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே அம்மா?”

“எங்கப்பா பொய் சொன்னாவன்னு அத்தன பேருக்கு முன்னால எப்படி சார் சொல்லுவேன்?” அவள் கண் நிறைந்துவிட்டது. “சீட்டு போனாலும் போகுது.”

அண்ணாச்சி பொலபொலவென்று அழுதே விட்டார்.

“பயமா இருக்கு சார்” என்றார். “வெளிய போனவ நல்லபடியாத் திரும்பி வந்துருவான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னைக்கே டிக்கெட் போடுதேன்.”

யாரைச் சொன்னார்? மலரையா, மகளையா?

“வந்துருவா அண்ணாச்சி” என்றேன், யோசிக்காமல்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். “ஏ தாயிமாரே! நான் வாசிச்சது பொய்யி. மலரு சாகல. சாரே சொல்லுதாவ. பாப்பாவும் மெட்ராசுக்குப் போகுது!”

பேச்சியம்மாள் குலவை போட ஆரம்பித்தாள் பாருங்கள்... ஆபீஸே அதிர்ந்தது. அப்புறம் சிரிப்பு, அழுகை, மொதலாளிக்கு ஏச்சு எல்லாம் ஒன்றாக நடந்தது. கற்பகம் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

எனக்குக் காபி உள்ளே போகவில்லை. ஏன் தெரியுமா? அடுத்த அத்தியாயத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஊருக்கே கிளம்பியிருந்தேன். அதில் மலர் செத்துப்போகிறாள். கயிறு அறுந்து! அண்ணாச்சி வாசித்த அதே சாவு!

பாதிக் காபியோடு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். பத்திரிகை ஆபீசில் நல்லவேளை, ஆசிரியரே எடுத்தார். இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம்.

“சார், கயிற்றை அறுக்காதீங்க! மலர் உயிரோட திரும்பி வர்றா. இப்பவே மாத்தி எழுதி ஃபேக்ஸ் பண்றேன்.”

“யோவ், அவ சாவை வச்சுத்தானே மிச்சக் கதையே இருக்கு?” என்று கத்தினார். “அப்புறம் எப்படிய்யா முடிப்பே?”

“தெரியாது சார். முதல்ல அந்தப் பொண்ணு காலேஜ்ல போய்ச் சேரட்டும்!”