சப்தமி காலையில் ஒரு பாட்டு

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நொஸ்டால்ஜியா என்றால் உயிர். எங்கள் பழைய ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பொழுது விடிந்தால் யாராவது ஒரு பழைய பாட்டை அனுப்புவார்கள். கூடவே மழையில் நனைந்த முற்றத்தின் படம் ஒன்று. கீழே வரிசையாகக் கண்ணீர் விடும் பொம்மைகள். நான் கேட்காமலே அழித்துவிடுவேன். ரசனை கெட்டவன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, இருக்கட்டும். பழைய பாட்டு எல்லாருக்கும் இனித்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரே ஒரு பாட்டுதான் ஆகாது. முதலில் புல்லாங்குழல் வரும், பிறகு ஒரு பெண்ணின் குரல். கேட்கிறவர்கள் தலையாட்டி ரசிக்கும் சந்தோஷமான பாட்டு. எந்தப் படம் என்றுகூட நான் தெரிந்துகொள்ளவில்லை. அது ஒலித்ததும் அம்மாவின் உள்ளங்கை என் வாயை அடைக்கிற மாதிரி இருக்கும். எனக்கு மூச்சு முட்டும்.

இந்த வருஷம் அப்பாவின் சிராத்தத்துக்கு முந்தின நாள், வழக்கம்போல் சாலைக் கடைவீதிக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். காய்க்கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தார். பாகற்காயைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது புல்லாங்குழல் ஆரம்பித்தது.

"இந்தப் பாட்டு கேட்டா சின்ன வயசு ஓர்மை வருது, இல்லியா சாரே?" என்றார் அவர்.

"வருது. அதை முதல்ல நிறுத்தும்" என்றேன். நான் சொன்ன தோரணையில் மனிதர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். அவர் என்ன பாவம் செய்தார்?

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத்தில் இருந்தோம். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் ஆயுசு நூறு என்பார்கள். எதிர் வீட்டில் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல், கமுகு மரத்தில் குழாய் ஸ்பீக்கர். முந்தின நாள் ராத்திரி தெருக்காரர்கள் எல்லாரும் கூடிக் காய் நறுக்கினார்கள், அப்பாவும் போயிருந்தார். பூசணிக்காய் நறுக்கியே கை மரத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வந்து படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை.

அம்மா அவரை உலுக்கினாள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். நான் "அப்பா" என்று வாயைத் திறந்தேன். சட்டென்று அவள் கை வந்து என் வாயைப் பொத்தியது. அந்த நேரத்தில் எதிர்ப் பந்தலில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருக்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் ஒரு சாவு என்றால் சவம் எடுக்கிறவரைக்கும் கோயில் நடை திறக்காது. எந்த வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள். தாலி கட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓர் அழுகைச் சத்தம் வெளியே போயிருந்தால் அந்தப் பந்தலைப் பிரித்திருப்பார்கள்.

பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கெட்டிமேளம் கொட்டினார்கள். அம்மா கையை எடுத்தாள். "மேளத்துல யாருக்கும் கேக்காது. அழறதுன்னா இப்ப அழுதுக்கோ" என்று காதில் சொன்னாள். சொன்னவுடன் வந்துவிடுமா அழுகை? நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் மேளம் நின்றுவிட்டது.

பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் நாகர்கோவிலுக்குக் காரில் ஏறிய பிறகுதான் அம்மா வாசலுக்கு வந்து அலறினாள். அப்பா மத்தியானம் போனார் என்று தெரு முழுக்க நம்பியது. சாஸ்திரிகளும் நம்பினார். காலையில் இருந்தது சப்தமி, மத்தியானம் அஷ்டமி ஆகிவிட்டது. அதனால் அப்பாவின் திதி அஷ்டமி என்று எழுதியாகிவிட்டது. அன்றிலிருந்து நானும் வருஷாவருஷம் அஷ்டமியில்தான் பிண்டம் வைக்கிறேன்.

எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. ஆனாலும் செத்த திதியில் பித்ருக்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று சின்ன வயதில் கேட்டது நெஞ்சை விட்டுப் போகவில்லை. அப்பா சப்தமியன்று வந்து நிற்கிறார், இலை இல்லை, பசியோடு திரும்பிப் போகிறார். இந்த நினைப்பு வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மத்தியானம்தான் என்று ஒரே பிடியாக நிற்பாள். எனக்கு இருக்கும் சாட்சி அந்தப் பாட்டு ஒன்றுதான். ஒரு பாட்டை வைத்துக்கொண்டு பெற்ற தாயைப் பொய் சொல்கிறவள் என்று எப்படிச் சொல்வது?

காய்க்கடையில் அந்தப் பாட்டைக் கேட்ட அன்றைக்குச் சொன்னேன். கரமனையில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குப் போய்ப் பையைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினேன்.

"பாட்டு கேட்டுண்டிருந்தது அம்மா! அதுக்கப்பறம்தான் கெட்டிமேளம். இன்னிக்காக்கும் அப்பா திதி. எத்தனை வருஷமா அவரைப் பட்டினி போட்டிருக்கோம்?"

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சண்டை போடத் தெம்பில்லையோ, ஒளித்து வைத்தே அலுத்துவிட்டாளோ, தெரியவில்லை.

"காலம்பறதான் போனார்" என்றாள்.

அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் கெஞ்சியிருப்பார்கள், மிரட்டியிருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்கள் மேல் எனக்குத் தீராத ஆத்திரம்.

"யாரு ஒன்னை மறைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. யாருக்குத் தெரியும், சொல்றதுக்கு? அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் நின்னு போயிருந்தது. ரெண்டாவதும் நின்னா அப்பறம் யாருடா கட்டுவா?"

"சரி, அன்னிக்கு மறைச்சே. அதுக்கப்பறம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? பொணம் கெடந்த தெருவில தாலி கட்டிண்டவள்னு தெரிஞ்சா, அவாத்துல ஒரு கொழந்தைக்கு ஜுரம் வந்தாக்கூட அவ தலையிலன்னா விழும். அவ நன்னா இருக்கா. இருக்கட்டும். நாளைக்கே நீ செய், மாத்தப்படாது."

"அப்பாவோட பசி ஒனக்கு சாரமில்லையா? ஒரு பொருட்டே இல்லையா?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையை ஊன்றி எழுந்து பின்பக்க பால்கனிக் கதவைத் திறந்தாள். கைப்பிடிச் சுவர்மேல் ஒரு நறுக்கு வாழையிலை. அதில் நாலைந்து பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"சப்தமியன்னிக்கு நீ வெளியில போனதும் அவருக்குப் பிடிச்ச மொளகூட்டலும் துவையலும் பண்ணி வைப்பேன். காக்கா எடுத்தப்பறம்தான் நான் சாப்பிடுவேன். ஒரு வருஷம் தப்பினதில்லை. இன்னிக்கும் நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்துட்டுப் போனார்."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷங்களாக அப்பா வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். வந்த ஒரு வருஷம்கூட நான் வீட்டில் இருந்ததில்லை.