நீல ஒளியில் ஒரு மஞ்சள் கயிறு

ஓய்வு பெற்ற பின் எனக்கு வாய்த்த பணி, ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அறிவிப்புப் பலகைகளைத் தமிழில் எழுதித் தருவது. குன்றத்தூரிலிருந்து தொழிலாளர் பேருந்திலேயே சென்று வருவேன். ‘தலைக்கவசம் அணிக’, ‘ஈரத்தரை வழுக்கும்’ என்பன போன்ற சிறு தொடர்களே பெரும்பாலும். அவற்றுள் நான் மனமொன்றி எழுதிய பலகை ஒன்று உண்டு. அது தொங்கும் கூடத்தை நினைத்தாலே இப்போது நெஞ்சு கனக்கிறது.

கைப்பேசி உறுப்புகளைப் பொருத்தும் ஆலை அது. பெருந்தொற்றுக்குப் பின், பெண்கள் உண்ணும் கூடத்தில் நுண்ணுயிர்களை அழிக்கும் நீல விளக்குகளை அமைத்தனர். புறஊதாக் கதிரன்று, கண்ணுக்குப் புலனாகும் ஒளியே. ஆட்கள் உண்ணும்போது வெள்ளொளியோடு கலந்து அடங்கி எரியும். உணவுவேளை முடிந்ததும் வெள்ளை தானாகவே அணையும். நீலம் மட்டும் தனித்து நின்று மேசைகளைத் தூய்மை செய்யும்.

“கிருமிநாசினி லைட்டுன்னு போட்டுடுங்க சார், போதும்” என்றார் பாதுகாப்புப் பொறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பலவாறு எழுதியும் அடித்தும், ‘நுண்ணுயிர் நீக்கும் நீலவொளி, மாந்தர்க்கு ஊறில்லை’ என முடித்தேன்.

பலகையை மாட்டிய வெள்ளிக்கிழமை, எழுத்துப்பிழை உண்டா எனப் பார்க்கச் சென்றிருந்தேன். உணவுவேளை முடியும் தறுவாய். இரண்டு மேசைகளில் மட்டும் சில பெண்கள் எஞ்சியிருந்தனர். அவர்களுள் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வாய்த்துடுக்கு மிக்கவள், பலகையை உரக்கப் படித்தாள்.

“ஐயா, ஊறில்லைன்னா இன்னா? ஊறுகாய் இல்லைன்றீங்களா?”

“மாந்தருக்கு ஊறுகாய் இல்லியாம்டி! அப்போ மோர்ச்சோத்துக்கு இன்னா பண்றது?” என்றாள் இன்னொருத்தி.

“தீங்கு இல்லை என்று பொருள், அம்மா” என்றேன்.

“அத்த அப்டியே போட்டிருக்கலாமே ஐயா!”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவே வெள்ளை விளக்குகள் அணைந்தன. சுவரும் தட்டுகளும் கைகளும் நீலத்தில் மூழ்கின. அப்போது, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண்ணொருத்தி, உணவுப் பெட்டியை மூடுவதற்காகக் குனிந்தாள். கழுத்துப் பொத்தானை எந்நேரமும் போட்டே வைத்திருப்பவள், அதிகம் பேசாதவள். அவளுடைய பிடரியில், சட்டைக் கழுத்துக்குச் சற்று மேலே, இளம்பச்சை கலந்த மஞ்சளாய் ஒரு கோடு ஒளிர்ந்தது.

“ஏய், இன்னாடி இது! கழுத்துல டியூப்லைட் எரியுது?” என்று துடுக்குக்காரி விளையாட்டாய் அக்கோட்டைச் சுண்டி இழுத்தாள். கயிறு வெளியே வந்தது. அதன் நுனியில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டப்பட்டிருந்தது.

பொன் ஒரு துளியும் அதில் இல்லை. அதனால்தான் வாயிலில் உலோகம் தேடும் கருவி நாள்தோறும் அவளை வாய்திறவாமல் உள்ளே விட்டிருக்கிறது. பழைய கயிறாக வெளுத்துக் கிடந்திருந்தால் இவ்வொளியும் அவளைக் காட்டிக்கொடுத்திராது. ஆனால் வெள்ளிதோறும் கயிற்றுக்கு மஞ்சள் தேய்க்கும் வழக்கத்தை அவளால் விட முடியவில்லை. நீல ஒளி பட்டால் மஞ்சள் தானே சுடரும் என்று எங்கோ படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான். அழகாகவே இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த மேசையில், ஆலை நடத்தும் பெண்கள் விடுதியின் காப்பாளர் உண்டுகொண்டிருந்தார். பென்னலூர்க்காரர், ஐம்பதைத் தொட்ட அம்மையார். மணமாகாத பெண்களுக்கு மட்டுமே அவ்விடுதியில் இடம். எழுந்து வந்தார்.

“இன்னாம்மா இது?”

நான் முந்திக்கொண்டேன். “வெள்ளிக்கிழமை அல்லவா, மஞ்சள் பூசிக் குளித்திருப்பாள். அதுதான் ஒளிர்கிறது.”

“மஞ்சா பூசினா மூஞ்சில இருக்கும் சார். கயிறு திரிச்சுக்கினா இருக்கும்?”

அவள் அழவில்லை. மறைமலை நகரில் மகிழுந்து ஆலையில் வேலை செய்பவனைக் கோயிலில் மணந்ததைச் சொன்னாள். பிறகு கெஞ்சினாள்.

“எக்கா, இடத்தை இப்பமே காலி பண்ணுதேன். ஊருக்கு மட்டும் போன் போடாதீங்க. பொங்கலுக்குப் போயி நானே அம்மைட்டச் சொல்லுதேன்.”

“அதுக்குள்ள உங்கப்பா வந்து ஆஸ்டல் வாசல்ல நின்னா நான் இன்னா பதில் சொல்றது? உன்ன நம்பித்தானே இட்னு வந்து வுட்டாரு. நீ பேசுறியா, நான் பேசட்டுமா?”

காப்பாளர் கொடியவர் அல்லர். பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கு அவருக்கும் சுமையே. கைப்பேசியை நீட்டினார். அவள் வாங்கி ஊருக்கு அழைத்தாள்; தாய் எடுத்தார். அமைதியான கூடத்தில் மறுமுனைக் குரல் எங்கள் எல்லார்க்கும் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று தாய் எதையும் கேட்கவில்லை.

“பக்கத்துல யாரு நிக்கா?”

“வார்டன் அக்கா.”

“அப்பம் மாட்டிக்கிட்டுச் சொல்லுத.”

“இல்லம்மா, பொங்கலுக்கு நேர்ல வந்து…”

“ஏட்டி, மாட்டலேன்னா சொல்லிருப்பியாக்கும்?”

இணைப்பு அறுந்தது. கயிற்றைச் சுண்டிய தோழி துடுக்கெல்லாம் அடங்கி, இழுத்த கயிற்றை மீண்டும் சட்டைக்குள் விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சில திங்கள் கழிந்து, ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கண்டேன். கணவனோடு மறைமலை நகரில் குடியிருப்பதாகவும் வேலை தொடர்வதாகவும் கூறினாள். கயிறு சட்டைக்கு மேலே கிடந்தது.

“அம்மா பேசுகிறார்களா?”

“பேசுதாவ ஐயா. வீட்டுக்கும் வந்துட்டுப் போனாவ. எல்லாம் சரியாயிட்டு. ஆனா நானா சொல்லிருப்பேன்னு மட்டும் நம்ப மாட்டேங்காவ. இனி எப்படிச் சொன்னாலும் மாட்டினதுக்குப் பொறவு சொன்னதுதானே?”

“நான் நம்புகிறேன், அம்மா” என்றேன்.

பேருந்து வந்துவிட்டது. படியில் ஏறியவள் திரும்பிச் சிரித்தாள்.

“நீங்க நம்பி என்ன ஐயா செய்ய?”