கூடாரத்துக்குக் காவல்

நான் கூடாரம் போட்டுத் தங்கியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அப்போது எனக்கு ஆறு வயது. கூட இருந்தது அம்மா மட்டும்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டிருந்தான். அடுத்தது தூத்துக்குடிதான் என்று பேச்சு. துறைமுகத்துப் பக்கத்து ஜனங்கள் பாயையும் பாத்திரத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் சாத்தான்குளம் வரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவோ கொழும்பில்தான் கடை வைத்திருந்தார். அவரிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. அங்கிருந்து தப்பித்தவர்கள் தோணிகளில் வந்து தூத்துக்குடியில் இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா புறப்பட்டுவிட்டாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் கூச்சல் போட்டேன். கூச்சல் போடுவதில் அந்த வயதிலேயே எனக்கு நல்ல பெயர். அழைத்துப் போவதைத் தவிர அம்மாவுக்கு வேறு வழியில்லை.

சாமான் ஏற்றிவரக் காலியாகத் திரும்பும் வண்டி ஒன்று கிடைத்தது. எதிரே வந்த வண்டிகளெல்லாம் எங்களுக்காக ஒதுங்க வேண்டியிருந்தது. வண்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"ஊரே வெளியேறி வருது. நீங்க பிள்ளையையும் கூட்டிக்கிட்டு உள்ள போறீயளே" என்றார்.

அம்மா என் தலையில் முந்தானையை இழுத்துவிட்டாள், வெயில் என்று.

தங்குவதற்கு நம்பிப் போன சொந்தக்காரர் வீட்டில் பூட்டு தொங்கியது. அம்மா நேராகக் கடற்கரைக்கு நடந்தாள். அங்கே பழுது பார்ப்பதற்காக ஒரு தோணியைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி கிழிந்த பாய்மரத் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். துணியின் ஒரு பக்கத்தைத் தோணியில் கட்டி, மறுபக்கத்துக்கு இரண்டு கம்புகளை ஊன்றியதும் எங்களுக்கு வீடு வந்துவிட்டது.

இவ்வளவு நல்ல வீட்டில் நான் அதற்குமுன் இருந்ததில்லை. ஊரில் அம்மா எல்லோருக்கும் சொந்தம். யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தலை வாரிவிடுகிற நேரம் மட்டும்தான் என் பங்கு. இங்கே முழு அம்மாவும் எனக்கே. மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். கருவாடு சுட்டுக் கொடுத்தாள். என்னோடு சிப்பி பொறுக்கினாள். இருட்டினால் விளக்கு ஏற்றக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே பொழுது சாயும்போதே சாப்பிட்டு, ஜெபம் பண்ணி, அவள் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்வேன்.

ஜெபத்தில்தான் நான் தப்பு செய்தேன். அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தபடியே சத்தமாகக் கேட்பேன். பிறகு மனசுக்குள், 'நாளைக்கு வேண்டாம் ஆண்டவரே, நாளன்னிக்கு' என்று சேர்த்துக்கொள்வேன். அப்பா என்றால் எனக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பிஸ்கட் டப்பா. அவர் வந்தால் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். என் கவலை அதுதான்.

தோணி ஏதாவது தெரிந்தால் அம்மா அவசரமாகத் தலையைச் சீவி முடிந்துகொள்வாள். "ஏளா, நீ இங்கனயே இரி. கூடாரத்துக்கு நீதான் காவல். நான் வந்து கூப்பிடுத வரைக்கும் அசையக் கூடாது" என்பாள். நான் ஒரு கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போலீஸ்காரனைப் போல உட்கார்ந்திருப்பேன். மூன்று தோணிகள் வந்தன. மூன்று முறையும் வெகுநேரம் கழித்து அம்மா தனியாகத்தான் திரும்பினாள். முகம் ஈரமாக இருக்கும். வந்ததும் அடுப்பை ஊதுவாள். இன்னும் ஒரு நாள் கிடைத்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

நான்காவது தோணி வந்த அன்று அவளோடு தாடி வைத்த ஒரு மனிதர் வந்தார். காலில் செருப்பில்லை, கையில் பெட்டியில்லை. அம்மா அவரை என்னிடம் காட்டுவதற்குள் அண்ணாச்சி துணியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓவென்று அலறி அழுதேன். அப்பா மணலில் அப்படியே உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

கடையும் சரக்கும் போன கதையை அப்பா அதிகம் சொன்னதில்லை. இதைத்தான் சொல்லுவார். "ரெண்டு வருஷம் கண்ணால பாக்காத பிள்ளை, என்னைக் கண்டதும் அழுத அழுகை இருக்கே" என்று என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பாவை அடக்கம் செய்து சில மாதங்களுக்குப் பிறகு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, ஒரு சட்டிக்கும் அரைப்படி அரிசிக்கும் எதற்காக என்னைக் காவல் வைத்தாய் என்று கேட்டேன்.

"சட்டிக்கா வச்சேன்? ஆள் இல்லன்னு சேதி வந்தா, அங்கனயே அழுது முடிச்சிட்டு உங்கிட்ட வரணும்னு நினைச்சேன்" என்றாள்.

மூன்று முறையும் அவள் முகம் ஈரமாக இருந்தது. வெயிலுக்குக் கடல் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வருகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.