யப்பானிய நத்தையும் எங்கள் வீட்டு ஊரடங்கும்

யப்பானிய மொழி தமிழின் தங்கச்சி என்றும், அதைத் தினமும் அரை மணித்தியாலம் கேட்டால் என் மகளுக்குத் தமிழ் தானாக வந்துவிடும் என்றும் நான் நம்பியிருந்தேன். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிதன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாகனம் ஓட்ட அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவன் இதை நம்பினான். மூத்தவன் பல்கலைக்கழகத்துக்குத் தப்பிப் போய்விட்டபடியால் பரிசோதனைக்கு அகப்பட்டவள் ஆறு வயதான இளையவள்.

இந்த ஞானத்தை எனக்குத் தந்தவர், புலம்பெயர்ந்து வந்து மல்வேர்னில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தைப் பராமரிக்கிற அண்ணை. கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில், பழுதான மெஷினுக்குள் தலையை விட்டபடியே சொன்னார்.

"தம்பி, யப்பான்காரரும் நாங்களும் ஒரே வேர். சோறு, மீன், வாசலிலை செருப்பு. அவையின்ரை கதையைக் கேட்டுப்பாரும், எங்கடை சந்தைக்குள்ளை நிக்கிற மாதிரி இருக்கும்."

மெஷினுக்குள்ளிருந்து வந்த குரல் என்பதால் கொஞ்சம் எதிரொலித்தது. அசரீரி என்றே எடுத்துக்கொண்டேன்.

மகள் அதுவரை பார்த்ததெல்லாம் அமெரிக்க நிகழ்ச்சிகள். அதில் கண் இரண்டும் கோப்பை அளவான ஒரு நாய் வரும். "பாலம் எங்கே இருக்கிறது, சொல் பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு நம்மையே பார்க்கும். பாலம் அதன் முதுகுக்குப் பின்னால் பூசணிக்காய் நிறத்தில் நிற்கும். மகள் கத்துவாள். நாய் "அருமை, சரியாகச் சொன்னாய்" என்னும். ஒருநாள் அவள் குளியலறையில் இருந்தபோது நான் மட்டும் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை. என்னையும் அருமை என்றது. வேலையிடத்தில் பத்தொன்பது வருடமாக எவரும் சொல்லாத வார்த்தை. கடைசியில் எல்லாரும் வட்டமாக இருந்து அன்றைக்கு என்ன கற்றோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பதினொரு நிமிடத்துக்குள் கெட்டவன் மன்னிப்புக் கேட்டு, கேக்கும் சாப்பிட்டுவிடுவான்.

அதற்குப் பதிலாக நான் போட்ட யப்பானிய நிகழ்ச்சியில் ஒரு நத்தை வேலியைக் கடந்தது. அவ்வளவுதான் கதை. மழை பெய்தது. ஒரு சின்னப் பெண் குடையோடு குந்தியிருந்து பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவில்லை. நடுவில் அவளுடைய அம்மா முள்ளங்கி அவித்தார்.

என் மனைவி சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து, குளிர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னப்பா உது?"

"நத்தை."

"என்ன செய்யுது?"

"வேலி கடக்குது."

"நேற்று நான் வரேக்கையும் கடந்துகொண்டெல்லோ இருந்தது?"

"அது நேற்றையான் நத்தை. இது வேறை."

அவள் மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குசினிக்குள் போய்விட்டாள்.

மூன்று வாரம் நன்றாகப் போனது. பிறகு, ஒரு திங்கட்கிழமையிலிருந்து, மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

முதல் இரண்டு நாள் எனக்குப் பெருமை. பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எதைக் கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு மெல்லத் தலையைக் குனிந்தாள். வணக்கம் சொல்கிறாள் என்று நானும் பதிலுக்குக் குனிந்தேன். ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் தயிர்ச்சோற்றை மெல்லாமல் விழுங்கினாள். அதையும் யப்பானியப் பண்பாட்டுக் கணக்கில் எழுதினேன்.

நாலாம் நாள் பயம் பிடித்தது. அவளுக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கணினியில் தேடினேன். தேடக்கூடாது என்று தெரிந்தே தேடினேன். தேநீர் ஆறுவதற்குள் என் மகளுக்குப் பதினான்கு நோய்கள் இருந்தன, எனக்கு மூன்று. கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மூன்று மொழியும் பிள்ளையின் தலைக்குள் ஒரே சந்தியில் முட்டி, ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டன. சட்டத்தைப் போட வைத்தவன் நான்.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ரீச்சர் அழைத்தார். வகுப்பிலும் பேச்சில்லையாம், வந்து கதைக்க முடியுமா என்றார்.

கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

"ஏனப்பா கோட்டு?" என்றாள் மனைவி.

"அரசாங்கம் பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போனாலும் எண்டு."

"கோட்டைப் பாத்திட்டு விட்டிடுவினமோ?"

வகுப்பறையில் ஆறு வயதுக்காரர் இருக்கும் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். முழங்கால் நாடியில் இடித்தது. மகள் மனைவியின் பக்கத்தில் நின்றாள். ரீச்சர் வாயைத் திறக்குமுன் நான் எழுந்து, வழியெல்லாம் பாடமாக்கிய ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். குற்றம் என்னுடையது, யப்பானைக் காட்டியவன் நான்தான், நத்தையை நிறுத்திவிட்டேன், நாயைத் திரும்பவும் போட்டுவிட்டேன் என்றேன். ரீச்சர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

மகளோ சுவரில் ஒட்டியிருந்த ஒரு கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பல் ஒன்றின் படம். அதற்குள், அந்த வருடம் பல் விழுந்த பிள்ளைகளின் பெயர்கள். ரீச்சரும் அதைக் கவனித்தார். குனிந்து, உனக்கும் ஒன்று ஆடுகிறதா என்று கேட்டார்.

மகள் உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள்.

"அது விழக் கூடாது," என்றாள் கைக்குள்ளால். பத்து நாளுக்குப் பிறகு கேட்ட குரல்.

"ஏன் குஞ்சு?" என்றாள் மனைவி.

"எங்க போடுறது எண்டு ஐ டோன்ற் நோ. நாய் ஷோவில பில்லோவுக்குக் கீழ வைக்கோணும், ஃபெயரி வரும். நத்தை ஷோவில அந்த கேர்ள் ரூஃபுக்கு எறிஞ்சவ. எது றைற்?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கடை ஊரிலையும் கூரைக்குத்தானம்மா எறியிறது," என்றேன். "அணில் வந்து எடுத்துக்கொண்டு போகும்."

மனைவி என் காலை மிதித்தாள். மகளின் கண் நாயின் கண் அளவுக்கு விரிந்தது.

"அணிலா? ஸோ, ஃபெயரி, அணில் ரெண்டு பேரும் வெயிற்றிங்கா?"

மனைவி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த, ரீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் தீர்ப்புச் சொன்னாள், கையை வாயிலிருந்து எடுக்காமலே. நாய் நிகழ்ச்சியில் பல் விழுந்தால் எல்லாரும் வெரி குட், வெரி குட் என்று பாடுவார்களாம், அவளுக்கு வெட்கமாம். மற்றதில் அந்தப் பெண் எறிந்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாளாம். அதுதான் நல்லதாம். ஆனால் நாங்கள் பதின்மூன்றாம் மாடி, கூரைக்கு எப்படி எறிவது?

அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனேன். யப்பானைத் தொடக்கி வைத்தவர் அவர், முடித்தும் வைக்கட்டும்.

"மேலை ஒருத்தரையும் விடேலாது பிள்ளை," என்றார். "இன்சூரன்ஸ்காரர் என்னை எறிஞ்சுபோடுவினம். பல்லைத் தாங்கோ, கூரைக் கதவின்ரை திறப்பு என்னட்டைத்தானே இருக்கு, நான் ஏறி எறிஞ்சுவிடுறன்."

"ப்ரொமிஸ்?"

"ஓம்."

"சைட்டில இல்ல அங்கிள், நடுவில."

"நடுவிலைதான்."

அவள் கையை எடுத்தாள். பிறகு மூடவேயில்லை. லிஃப்ற்றில் பேசினாள், குளித்தபடி பேசினாள், பத்து நாளும் உள்ளே அடைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் பேசினாள். கீழ் வரிசையில் முன்பல் ஒன்று கதவுபோல முன்னும் பின்னும் ஆடியது. பல்லைக் கொண்டுபோகச் சின்னப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, உள்ளே பஞ்சும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி அப்பம் சுட்டாள். நத்தையின் கதையை எங்கள் இருவருக்கும் முதலிலிருந்து விளங்கப்படுத்திக்கொண்டே மகள் சாப்பிட்டாள். மூன்றாவது அப்பத்தோடு பல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டாள்.