தண்ணீருக்கு வாடகை

"படிச்ச கணக்குல லாரி ஓடுமுங்களா அம்மிணி?" என்று நான் வாடகைக்குப் பிடித்த லாரியின் ஓட்டுநர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். உடுமலைப்பேட்டையிலிருந்து தென்னை நார்க்கழிவை வேலம்பாளையத்துக்குக் கொண்டுவந்து, சாயப்பட்டறை பாய்லர்களில் எரிக்கும் கட்டிகளாக அழுத்தி விற்பது என் திட்டம். முதல் லோடு சொதப்பினால் திட்டமே வேண்டாம் என்று என் முதலாளி சொல்லியிருந்தார்.

ஜன்னல் வெயில் பட்டுப்பட்டு அந்த மனிதரின் வலது கை மட்டும் கறுத்திருந்தது. தார்ப்பாய் கட்டுவதற்கு முன் ஒரு பிடி கழிவை எடுத்துப் பிழிவது அவர் வழக்கமாம். அன்று உடுமலையில் லோடு ஏற்றியதும் அவர் பிழிந்தபோது விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"எடை சரியா இருக்குதேங்க" என்றேன்.

"இருக்காதுங்களா? பாதி தண்ணி. அத்தனை தூரத்துக்கும் தண்ணிக்கு வாடகை குடுக்கறீங்க."

சரக்கு காய்ந்திருக்கும் என்று நம்பி, டன் கணக்கில் வாடகை பேசியது நான்தான்.

"ஈரமா இருந்தா உங்களுக்குத்தானுங்களே லாபம்?"

"ஆமாங்க" என்று சிரித்தார். "கட்டட்டுங்களா, எறக்கட்டுங்களா?"

கைபேசியில் முதலாளி விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. இறக்கச் சொன்னேன். வெறும் லாரியோடு அவர் கிளம்பிப் போனார்.

வரவேண்டிய காசை அவர் ஏன் விட்டார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். மறுநாளே உடுமலையில் தேங்காய் உலர்த்தும் களம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துவிட்டேன். கழிவு அங்கே காய்கிறது. அடுத்த லோடுக்கு அவரையே வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை வாடகை டன்னுக்கு இல்லை, நடைக்கு.