காஜா அக்காவின் கையும் மீன்தொட்டியும்

தெருவில் அவளுக்குக் காஜா அக்கா என்றுதான் பெயர். தையல் கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக வந்து இறங்கும். பொத்தான் நுழையும் ஓட்டையை வெட்டி, விளிம்பை நூலால் சுற்றிக் காஜா கட்டித் தருவாள். பேசிக்கொண்டே கட்டுவாள், பார்க்காமலும் கட்டுவாள். அவள் விரலுக்குத் தனியாகக் கண் இருக்கிறது என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஜன்னலோரம் ஒரு மீன்தொட்டி. மதியத்தில் வெயில் அதற்குள் புகுந்து வெளியே வரும்போது பச்சையாகிவிடும். அந்தப் பச்சை, மடியில் கிடக்கும் வெள்ளைச் சட்டையின் மேல் மெல்ல அசையும். மீனின் நிழல் காலரில் ஏறி, பையில் இறங்கி, எங்கோ மறையும். அந்த நேரத்தில் வாசலில் யாராவது கூப்பிட்டால், அவள் ஆழத்திலிருந்து மேலே வந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் விரல்களைத் தண்ணீரில் விடுவாள். மீன்கள் வந்து கொத்தும். அதைவிடப் பெரிய சுகம் எதையும் அவள் கேட்டதில்லை.

குளிர் தொடங்கியதும் அவள் கணவர் மீனுக்காக ஒரு ஹீட்டர் வாங்கி வந்தார். தண்ணீருக்குள் நிற்கும் கண்ணாடிக் குழல் அது. அவர் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் நின்று நின்று குதிகாலில் பித்தவெடிப்பு. வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு இல்லாமல் ஓரடி வைக்க மாட்டார். அவளோ வீட்டுக்குள் செருப்பைத் தொடவே மாட்டாள்.

ஒரு மதியம் விரலைத் தண்ணீரில் விட்டவளுக்குச் சுருக்கென்றது. கையை எடுத்துப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. மறுபடி விட்டாள், மறுபடி சுருக்.

"என்னங்க, தண்ணியில கை வச்சா சுருக்குங்குது."

அவர் செருப்புக் காலோடு வந்து, முழங்கை வரை விட்டுத் துழாவினார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. மீனும் ஜாலியாத்தான சுத்துது? உனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி" என்று சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மனுஷர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளால்தான் அதை அப்படி விட முடியவில்லை.

அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் விரலில் சுருக். அப்புறம் மரத்துப்போனது. அப்புறம் கையே அசைவில்லாமல் விழுந்துபோயிற்று. கடைசிவரை அப்பாதான் ஊட்டிவிட்டார்.

அதன்பின் தினமும் தொட்டியில் கை விட்டுப் பார்த்தாள். இடது கையிலும் சுருக்கென்ற அன்று, இரண்டு கையும் போகப்போகிறது என்றே முடிவு செய்துவிட்டாள். ஊசி நடுங்குவதுபோலத் தோன்றியது. கை இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று கூடுதல் சட்டைகளைக் கேட்டு வாங்கிக் கட்டினாள். கணவருக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாள். மகாராணிக்கு உடம்பு வளைய மாட்டேன் என்கிறது என்று அவர் கிண்டலடித்துக்கொண்டே வடித்தார். பச்சை வெளிச்சம் மட்டும் எதுவும் நடக்காததுபோல மடியில் வந்து விளையாடியது.

அன்று அவருக்கு விடுமுறை. அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்போட மிதிக்காதீங்க. கழட்டிட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். ஈரத்தில் கால்விரல் நுனியால் நடந்து வந்தவர், தொட்டியில் மிதந்த இலையை எடுக்கக் கையை விட்டார். அடுத்த நொடி, யாரோ பிடித்துத் தள்ளியதுபோலப் பின்னால் போய்ச் சுவரில் மோதினார்.

"உங்களுக்குமா?" என்றாள் அவள். "உங்களுக்கும் சுருக்குன்னுதா?"

"சுருக்கா? தூக்கியே போட்டுருச்சு."

அவள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து ஹீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குழலில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

"இதுவழியா கரண்ட் தண்ணியில இறங்கியிருக்கு. வெறுங்காலோட தரையில நிக்கிறவங்க கையை விட்டா உடம்பு வழியா பாயும். தரை ஈரமா இருந்தா தூக்கியே போடும். செருப்பு போட்டவருக்குத் தெரியாது. மீன் தண்ணிக்குள்ளேயே மிதக்குது, தரையைத் தொடலை. கம்பியில உக்காந்த காக்கா மாதிரிதான் அது. வீட்டுக்கு எர்த் சரியில்லண்ணே, அதை முதல்ல பாருங்க. தொட்டியில எல்லா பிளக்கையும் பிடுங்காம இனிமே யாரும் கையை விடாதீங்க." ஹீட்டரைத் தூர எறியச் சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, நிற்கவே இல்லை.

"நான் ஷாக் அடிச்சு விழுந்ததுல இவ்வளவு சந்தோஷமா உனக்கு?"

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு வந்தது எனக்கு வரலைங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நரம்புன்னு நான் விளையாட்டாத்தான சொன்னேன்."

"எனக்கு அது விளையாட்டா கேக்கலை."

"அன்னைலேருந்து இதையேவா நெனச்சிட்டிருந்த?"

"ராத்திரி தூக்கமே கெடையாதுங்க."

பக்கத்திலேயே படுத்திருந்தும் அவருக்கு அது தெரியவில்லை.