கதவில் சிக்கிய ஆஸ்பத்திரி

என் அறைத்தோழியை விடுதியில் எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடக்கலை படிக்கிறாள் என்பதற்காக மட்டுமல்ல, யார் அறைக்குள் நுழைந்தாலும் சுவரைத் தட்டிப் பார்த்து, "இந்த ஜன்னலை இங்க வெச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று ஆரம்பித்துவிடுவாள். நான் வணிகவியல். எனக்குச் சுவர் என்றால் சாய்ந்து உட்கார ஒன்று, அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்ட விடுதிக் காப்பாளருக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

கல்லூரியின் கடைசி வருடத்தைப் பற்றி ஆளாளுக்கு உருகுகிறார்கள். போட்டோ எடுத்தார்களாம், கட்டிப்பிடித்து அழுதார்களாம். எனக்கு நினைவிருப்பது பசை நாற்றம். மேஸ்திரியின் இறுதித் திட்டம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வரைபடம் போட்டு, அதை அட்டையில் மாடலாகவும் செய்து தேர்வாளர்கள் முன்னால் வைக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரு மேஜையில் அடங்குகிற மாதிரி செய்தார்கள். இவளுக்கு அது போதவில்லை.

"உள்ள இருக்கற கட்டில்கூடத் தெரியணும்டி. படுத்திருக்கறவங்க எதைப் பார்ப்பாங்கன்னு தெரியணும்."

"படுத்திருக்கறவங்க விட்டத்தைத்தான் பார்ப்பாங்க. நீ தூங்கு."

கேட்டால்தானே! ஒட்டுப்பலகையை இரண்டு துண்டாக அறைக்குக் கொண்டுவந்தாள். எங்கள் கட்டில்களை நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, அதன் மேல் பலகைகளை வைத்து இணைத்தாள். மூட்டு தெரியக் கூடாதாம். தேய்த்துத் தேய்த்து ஒரே பலகையாக்கிவிட்டு, அதன் மேல் ஆஸ்பத்திரி எழும்ப ஆரம்பித்தது. அன்றிலிருந்து என் படுக்கை தரையில். என் துணிகளில் அட்டைத்தூள், என் சீப்பில் பஞ்சு மரம். தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓட வேண்டும், இல்லாவிட்டால் தோட்டம் பறந்துவிடும்.

இத்தனையையும் நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்றால், அவள் இதே தேர்வில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றவள். அப்போதும் படிப்பு வராமல் தோற்கவில்லை. ஜன்னல்கள் சரியில்லை என்று கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு, பாதிக் கட்டடத்தோடு போய் நின்றாள். ஊரில் அவள் அம்மா ஒற்றை ஆளாக ஒரு பாத்திரக்கடையை நடத்துகிறார். அவர் போனில் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா படிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வந்து கடையில உட்காரு." சொன்னால் செய்கிறவர் அவர். கடையில் உட்கார்ந்தால் இவள் பாத்திரங்களைத் தட்டித் தட்டியே வாடிக்கையாளர்களை விரட்டிவிடுவாள் என்று சிரிக்கத் தோன்றியது. ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் சொன்ன அளவில் குட்டிக் குட்டிக் கட்டில்கள் வெட்டிக் கொடுத்தேன். என் பரீட்சைகள் முடிந்துவிட்டிருந்தன. மற்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள், நான் கட்டிலுக்குக் கால் ஒட்டினேன்.

தேர்வு நாளும் வந்தது. குளித்து, நல்ல உடுப்பு போட்டு, ஆளுக்கு ஒரு முனையாகப் பலகையைத் தூக்கினோம். கதவுக்கு வந்தோம். நின்றோம்.

படுக்கைவாக்கில் அகலம் இடித்தது. பக்கவாட்டில் சாய்த்தோம், பாதி வெளியே போனதும் எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டது. வராந்தா அவ்வளவு குறுகல். இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. நிமிர்த்தி நிறுத்தினால் நிலைக்கு மேலே ஒரு முழம் நீண்டது. மரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "அடிப்பாவி, நீ படிச்சதே இதுதானேடி! ஊர்ல இருக்கற கதவையெல்லாம் குறை சொன்னியே, தினமும் நுழையற கதவை ஒரு தடவை அளந்து பார்த்தியா? நானாவது கணக்குப் பிள்ளை, எனக்கு என்ன தெரியும்?"

வழக்கமாக ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுப்பவள் அன்று எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பின்னால எடு" என்றாள். மறுபடியும் கட்டில்கள் மேல் இறக்கினோம். மண்டியிட்டு, நான் செய்த கட்டில் ஒன்றை விரல் நுனியால் நகர்த்தி வார்டு வாசல் வழியாக வெளியே தள்ளினாள். அதன் தலைப்பக்கம் மாடல் வராந்தாவின் எதிர்ச் சுவரில் முட்டியது. கால்பக்கம் இன்னும் வார்டுக்குள்ளேயே இருந்தது.

"திரும்பலைடி."

"அதைத்தானே இவ்வளவு நேரமா பார்த்துக்கிட்டிருக்கோம்!"

"மாடலைச் சொல்லலை. கட்டிலை. நோயாளியைக் கட்டிலோட வெளிய கொண்டுவர முடியாது. தீப்பிடிச்சா என்ன பண்ணுவாங்க?"

"அட்டைக்கு எவடி தீ வைக்கப் போறா? இதோ பார், அவங்க உள்ள குனிஞ்செல்லாம் பார்க்க மாட்டாங்க. நீ வாயை மூடிக்கிட்டு நின்னா போதும். உன் அம்மாவை நினைச்சுக்கோ."

தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் கேட்டுக்கொண்டாள் என்று அர்த்தமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வேறு வழியில்லை. ரம்பத்தை எடுத்து, பழைய மூட்டு இருந்த இடத்தில் அவளே அறுத்தாள். ரம்பம் வார்டின் நடுவே போனது. யார் மூச்சு பட்டாலும் சண்டைக்கு வருகிறவள், தன் கையாலேயே அறுப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தேர்வு அறையில் தூக்கி வைக்க மட்டும்தான் எனக்கு அனுமதி. வெளியே வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டேன். வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"ரூம் கதவுல வரலை மேடம். அறுத்துட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வரைபடங்களைப் புரட்டினார், நிறைய கேட்டார், இவளும் மளமளவென்று சொன்னாள். "வெளிச்சத்தை நல்லா யோசிச்சிருக்கே" என்று பாராட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கை அப்போதுதான் தளர்ந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்."

பாவி! நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கையை ஆட்டுகிறேன், உதட்டில் விரலை வைக்கிறேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. கட்டிலை எடுத்து வாசலில் தள்ளிக் காட்டினாள். "இங்க திரும்பாது மேடம். எல்லா வார்டுலயும் இதே தப்பு. இன்னிக்குக் காலைலதான் பார்த்தேன்."

தேர்வாளர் கட்டிலை வாங்கித் தானும் ஒரு முறை தள்ளிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் எரிச்சல்தான் என்று நினைக்கிறேன். "நீ சொல்லலைன்னா நான் பார்த்திருக்கவே மாட்டேன். சொன்னதுக்கு அப்புறம் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? சரி பண்ணிட்டு அடுத்த பருவத்துல வா" என்று பேனாவை மூடினார்.

வெளியே வந்தவளிடம் நான் பேசவில்லை. பேசினால் அறைந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவளோ அறைக்கு வந்ததும் வராததுமாகத் தரையில் ஒரு புதுத் தாளை விரித்து உட்கார்ந்துவிட்டாள். அவள் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பிறகு என் போன் அடித்தது. அவள் அம்மா.

"என்னம்மா ஆச்சு? பாஸா? அவ ஏன் எடுக்க மாட்டேங்கறா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "பாஸ் போடத்தாம்மா பேனாவை எடுத்தாங்க. உங்க பொண்ணு தடுத்துட்டா. அவளே அவளை ஃபெயில் பண்ணிக்கிட்டா!" என்று ஆரம்பித்து, கதவு, ரம்பம், கட்டில், தீ, இப்போது தரையில் விரித்திருக்கிற புதுத் தாள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ "கொஞ்சம் இருங்க" என்றார். இதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"அந்தக் கட்டில் இப்போ திரும்புதான்னு அவளைக் கேளு."

கேட்டேன். மேஸ்திரி பென்சிலை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இன்னும் ரெண்டு சுவரை நகர்த்தணும்."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே கேட்டுவிட்டது.

"நகர்த்திட்டு வரச் சொல்லு. கடையை நான் பார்த்துக்கறேன்."